நாக்கு ஒட்டிக்கொண்ட காலை

யாகூத்ஸ்க் நகரில் அன்று
மைனஸ் நாற்பத்தேழு.
சின்ன வகுப்புகளுக்கு லீவு.
எனக்கு ஏழு வயது. பெயர் ஐத்தால்.
எங்கள் வாசலில் ஓர் இரும்புக் கதவு,
அதன் மேல் சர்க்கரை தூவினாற்போல் பனி.

"நக்கித் தொலைக்காதே" என்று
அக்கா துயாரா சொல்லியிருந்தாள்.
காது கேட்டது. மூளைக்கும் சொன்னது.
ஆனால் மூளையின் இன்னொரு மூலை
"இனிக்குமோ?" என்றது.
அந்த மூலைதான் ஜெயித்தது.

ப்ச்.

ஒட்டிக்கொண்டது.

நாக்கு கத்தியது.
வாயால் இல்லை, வாய்தான் மாட்டிக்கொண்டதே!
நூலைவிட மெல்லிய நரம்புகள் வழியே கத்தியது:
"குளிர்! குளிர்! வலி! வலி!"
நாக்கிலிருந்து மூளைக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை.
இமை மூடித் திறப்பதற்குள் சேதி போய்ச் சேர்ந்தது.

மூளை ஆளுக்கொரு வேலை சொன்னது.
கண்ணே, நீர் விடு.
நெஞ்சே, இன்னும் வேகமாகத் துடி.
காலே, தொம் தொம்மென்று மிதி.
கழுத்தே, பின்னால் இழு!

இழுத்தேன்.
ஐயோ, அது தப்பான உத்தரவு.
(மூளையும் தப்புச் செய்யும். யாரிடமும் சொல்லாதீர்கள்.)
நாக்கு முன்னைவிடப் பெரிதாகக் கத்தியது.
மூளை கேட்டுக்கொண்டது,
சொன்னதை மாற்றிச் சொன்னது:
கழுத்தே, அசையாதே.
வாயே, சூடாக ஊது.
ஹா. ஹா. ஹா.

"துயாரா!" என்று கூப்பிட்டேன்.
"ஊயாஆ" என்றுதான் வந்தது.
"து"வுக்கும் "ரா"வுக்கும் நாக்கு நுனி வேண்டும்.
நுனி கதவிடம் இருந்தது.

அவள் ஓடி வந்தாள், கையில் அவள் குடித்த மிச்சத் தேநீர்.
சொட்டுச் சொட்டாய் ஊற்றினாள், சிரிப்பை அடக்கியபடி.
கதவு என்னை விட்டது.
கொஞ்சம் தோலை மட்டும் வைத்துக்கொண்டது.

வீட்டுக்குள் பால் காய்ச்சினாள் அக்கா.
எங்கள் ஊர்ச் சந்தையில் பால்
தட்டுப் போல உறைந்து கிடைக்கும்;
கத்தியால் தட்டினால் டக்கென்று உடையும்.
அது உருகும் அழகைப் பார்க்கக் குனிந்தேன்.
விரல் அடுப்பில் பட்டது.

விருட்!
கை தானே பறந்து பின்னால் வந்துவிட்டது.
அப்புறம்தான் தெரிந்தது எனக்கு, சுட்டது என்று.

அப்படியானால் கையிடம் யார் சொன்னது?

துயாராவின் உயிரியல் புத்தகத்தைப் புரட்டினேன்.
முதுகெலும்புக்குள்ளே ஒரு தடித்த கயிறு,
கழுத்திலிருந்து இடுப்புவரை, நரம்புகளால் ஆனது.
"சூடு!" என்று விரல் அலறியது அதற்குக் கேட்டதும்
மூளையிடம் அனுமதி வாங்க அது காத்திருக்கவில்லை.
கையை இழுத்துவிட்டது.
மூளைக்கு விவரம் பிறகு.

நாக்கு மரத்திருந்தது. பால் பாலாக இல்லை,
வெந்நீர் மாதிரி இருந்தது.
மூளை காத்திருந்தது, நாக்கு ஒன்றும் சொல்லவில்லை.
சேதி வராவிட்டால் மூளைக்கு இனிப்பே கிடையாது, பாவம்.

இரவு, கம்பளிக்குள் கட்டைவிரலிடம்
"ஆடு" என்று நினைத்தேன்.
ஆடியது.
வாய் திறக்கவில்லை நான், கம்பி எதுவும் இழுக்கவில்லை.
"உன் காலுறை ஈரம்" என்று அது பதில் அனுப்பியது.
அவ்வளவு தூரத்திலிருந்து!
நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது, மூச்சு போய்வந்தது,
அவற்றுக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை.
நான் தூங்கினாலும் மூளை தூங்கப்போவதில்லை போல.

ஒரு விஷயம் படித்தபோது நம்பவே முடியவில்லை:
விரல் வலி, பல் வலி, முட்டி வலி
எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும் மூளைக்குத்
தன்னை யாராவது தொட்டால் வலிக்காதாம்.

நாக்கு நுனி மெல்லச் சுரீரென்றது.
உயிர் வருகிறது என்று அர்த்தம்.
"இனிமேல் நக்கவே மாட்டேன்" என்றேன் அதனிடம்.
நல்லபடியாகத்தான் சொன்னேன்.

ஆனால் மூளையின் அந்த இன்னொரு மூலை
இருட்டில் கண் திறந்து கேட்டது:
"கதவுக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும்?"